கிணற்று நீருக்குக் கட்சி உண்டா?

(ஆம்பூரில் நடைபெற்ற தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உண்மையும் செய்தித்தாளும்" என்ற தலைப்பை எனக்குத் தந்திருக்கிறீர்கள். பெரிய தலைப்பு. தத்துவப் பேராசிரியர்கள் மூன்று நாள் பேசினாலும் முடியாத தலைப்பு. ஆனால் பாலாற்றங்கரையில் கூடியிருக்கிறோம். இங்கே இத்தலைப்பைப் பேசுவதற்குத் தத்துவ நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. இவ்வட்டாரத்துக் கிணறுகளே போதும்.

அண்மைக் காலமாக ஒரு வாதம் படித்தவர்களிடையே பரவி வருகிறது. "உண்மை என்று தனியே ஒன்று கிடையாது, அவரவர் நிற்கும் இடத்திலிருந்து அவரவர் காண்பதே அவரவர்க்கு உண்மை. உமக்கு உமது உண்மை, எமக்கு எமது உண்மை" என்பதே அவ்வாதம். இதனைச் சார்புவாதம் என்று அழைக்கிறார்கள். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. அடக்கத்தின் குரல் போலவும், எவரையும் புண்படுத்தாத பெருந்தன்மை போலவும் ஒலிக்கிறது. இதற்கு ஐன்ஸ்டீனைக்கூடச் சாட்சிக்கு அழைக்கிறார்கள்! "எல்லாம் சார்புடையது என்று அவரே சொன்னார் அல்லவா?" என்கிறார்கள். 1905இல் அவர் நிறுவியது அதுவன்று. பார்ப்பவர் எவ்வளவு விரைவில் சென்றாலும், எத்திசையில் சென்றாலும், இயற்கை விதிகள் அனைவர்க்கும் ஒன்றே, ஒளியின் வேகமும் ஒன்றே என்பதுதான் அவரது கொள்கையின் அடிப்படை. ஒளிக்குக் கட்சி இல்லை என்று சொன்னவரை, எல்லாவற்றுக்கும் கட்சி உண்டு என்பவர்கள் துணைக்கு அழைப்பது வேடிக்கை. அது நிற்க.

இவ்வாதத்தை முழுதும் பழிப்பதற்காக நான் இங்கு வரவில்லை. அதற்கும் ஒரு நல்ல காலம் இருந்தது. சிம்மாசனத்தில் இருந்தவர் சொன்னதே உண்மை, ஏட்டில் எழுதியதே உண்மை, பிறப்பால் உயர்ந்தவர் உரைத்ததே உண்மை என்று நாட்டை நெடுங்காலம் ஆண்டார்கள். அப்போது ஒடுக்கப்பட்டவன் எழுந்து, "அது உன் உண்மை, என் முதுகில் விழுந்த அடியைக் கேள், அது வேறு கதை சொல்லும்" என்றான். அது விடுதலைக் குரல். ஆயினும் அவன் சொன்னதை உற்றுக் கவனியுங்கள். உண்மை என்பதே இல்லை என்றா சொன்னான்? இல்லை. "நீ மறைத்து வைத்த உண்மையை வெளியே எடு" என்றான். முதுகிலிருந்த தழும்பை எவரும் தொட்டுப் பார்க்கலாம் என்றான். தழும்பே பார்வையைப் பொறுத்தது என்றால், அவனிடம் மிஞ்சுவது என்ன?

யானையைத் தடவிப் பார்த்த கண்ணற்றவர்களின் கதை உங்களுக்குத் தெரியும். ஒருவர் தூண் என்றார், ஒருவர் முறம் என்றார், ஒருவர் கயிறு என்றார். சமண அறிஞர்கள் தமது பலநோக்குக் கொள்கையை விளக்கிய கதை அது. வேலூர் மாவட்டத்து வள்ளிமலையிலே அச்சமணரின் சிற்பங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இன்றும் நிற்கின்றன. அவர்கள் சொன்னது, ஒருவர் கண்டது முழுமையன்று, பலர் கண்டதைச் சேர்த்துப் பார் என்பது. யானையே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. காலைத் தடவியவரும் காதைத் தடவியவரும் ஒருவரோடொருவர் பேசி, மேலும் இரண்டடி நடந்து தடவிப் பார்த்தால் யானை கிடைத்துவிடும். நமது பத்திரிகைகள் பல என்ன செய்கின்றன? தூண் என்றவரின் பேட்டியையும் முறம் என்றவரின் பேட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு, "இதுவே நடுநிலை" என்று கூறி வீட்டுக்குப் போய்விடுகின்றன. யானையைத் தொட்டுப் பார்க்க ஆளில்லை!

இனி நம் ஊருக்கு வருவோம்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி வளர்ந்தது தோல் தொழில். முன்னர் ஆவாரம்பட்டையில் பதனிட்டார்கள். 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுமை பெற்ற சரக்காக அனுப்புமாறு ஊக்கியது. அதன் பின்னர் குரோமியம் கொண்டு பதனிடும் முறை வேகமாகப் பரவியது. அந்நியச் செலாவணி வந்தது, வேலையும் வந்தது. ஷூ தொழிற்சாலைகளுக்குக் காலையில் வண்டி வண்டியாகச் செல்லும் பெண்களைக் காணாதவர் இங்கு எவரும் இலர். கூடவே கழிவுநீரும் வந்தது. கிணற்று நீர் உப்பாயிற்று, தென்னை காய்ந்தது, குடிநீருக்குக் குடத்தோடு நடக்க வேண்டியதாயிற்று.

உழவர்கள் இதைச் சொன்னபோது கிடைத்த பதில் என்ன? "அது உங்கள் கருத்து." தொழிற்சாலைக்காரர், "மழை இல்லை, மணலை அள்ளிவிட்டார்கள், மேலே அணை கட்டிவிட்டார்கள், எங்களைக் குறை சொல்வது உங்கள் பார்வை" என்றார். பத்திரிகைகளோ, "விவசாயிகள் புகார், உரிமையாளர்கள் மறுப்பு" என்று எழுதின. புகாரும் மறுப்பும் சரிசமமாக அச்சேறின. படித்தவன் என்ன அறிந்தான்? ஒரு புகார் இருக்கிறது, ஒரு மறுப்பும் இருக்கிறது என்பதை அறிந்தான். கிணற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை அறியவில்லை.

1991இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அளித்த தீர்ப்பு உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. அவ்வழக்கில் நடந்த ஒரு சம்பவத்தை மட்டும் சற்று விரித்துக் கூற விரும்புகிறேன். நமது தலைப்பின் சாரம் அதிலே இருக்கிறது.

கழிவுநீரில் கரைந்திருக்கும் உப்புகளுக்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஓர் அளவை விதித்திருந்தது. தொழிற்சாலைகளின் வழக்கறிஞர்கள், அவ்வளவு நியாயமற்றது என்று வாதிட்டார்கள். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. அளவு தவறாகவும் இருக்கலாம். சார்புவாதி நீதிபதியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? "வாரியத்துக்கு ஓர் உண்மை, உங்களுக்கு ஓர் உண்மை" என்று பாதி பாதியாகப் பிரித்துக் கொடுத்திருப்பார். நீதிமன்றம் அதைச் செய்யவில்லை. 1996 ஏப்ரலில், நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்திடம் அக்கேள்வியை அனுப்பியது. ஜூனில் பதில் வந்தது: வாரியம் விதித்த அளவு சரியே. வாதம் முடிந்தது. எவரது மனமும் புண்படவில்லையா என்றால், புண்பட்டிருக்கலாம். ஆனால் ஒரு கேள்விக்கு விடை கிடைத்தது. செய்தியைச் சரிபார்ப்பது என்று இன்று புதிய பெயர் சூட்டிப் பேசுகிறார்களே, அதன் முழு வடிவமும் இவ்வளவுதான்: விடை தெரிந்துகொள்ளக்கூடிய கேள்வியை, விடையால் இலாப நட்டம் அடையாதவரிடம் ஒப்படைத்து, அவர் எப்படிக் கண்டார் என்பதையும் சேர்த்து வெளியிடுவது.

அதே தீர்ப்பு மற்றொன்றையும் சொன்னது. ஐயம் இருக்குமானால், தமது செயலால் தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை அச்செயலைச் செய்பவர் மீதே விழும் என்றது. இதன் ஆழத்தை எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவிலே 1969ஆம் ஆண்டில் ஒரு சிகரெட் கம்பெனியின் உள்குறிப்பு, பொதுமக்கள் மனத்தில் ஐயத்தை விளைவிப்பதே நம் சரக்கு என்ற பொருள்பட எழுதப்பட்டது. பிற்காலத்தில் அது அம்பலமாயிற்று. சிகரெட் நல்லது என்று அவர்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. "இன்னும் முடிவாகத் தெரியவில்லை, இரு கருத்தும் உண்டு" என்று சொன்னாலே போதும். ஒவ்வோர் ஆண்டும் இலாபம். ஐயத்தால் ஆதாயம் அடைபவன் ஒருவன், ஐயத்தால் சாகிறவன் வேறொருவன். ஆகவேதான் சுமையை யார் தலையில் வைப்பது என்பது வெறும் தருக்கமன்று, வாழ்வா சாவா என்ற கேள்வி.

தோழர்களே! சார்புவாதம் ஏழைக்கு நண்பன் போலத் தோன்றி வலியவனுக்கு வேலை செய்வது இப்படித்தான். ஆளுக்கொரு உண்மை என்று ஆகிவிட்டால், எவனிடம் அச்சகம் இருக்கிறதோ, எவனிடம் தொலைக்காட்சி இருக்கிறதோ, எவனிடம் ஆயிரம் கைப்பேசிகளுக்கு ஒரே நொடியில் செய்தி அனுப்பும் கூலிப்படை இருக்கிறதோ, அவனது உண்மையே ஊர் உண்மையாகும். 2017 ஜனவரியில் வாஷிங்டனிலே பதவியேற்பு விழாவுக்கு வந்த கூட்டத்தின் அளவு பற்றித் தகராறு எழுந்தபோது, வெள்ளை மாளிகையின் ஆலோசகர் ஒருவர் "மாற்று உண்மைகள்" என்ற தொடரை வழங்கினார். உலகம் சிரித்தது. ஆனால் சிரிக்கும் விஷயமல்ல. எண்ணிக் கணக்கிடக்கூடிய தலைகளுக்கே இரண்டாம் உண்மை உண்டென்றால், கிணற்றில் உள்ள உப்புக்கு மூன்றாம் உண்மையும் நான்காம் உண்மையும் வர எவ்வளவு நேரமாகும்?

"அப்படியானால் எண்கள் மட்டும் பொய் சொல்லாதோ?" என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. இதோ ஓர் எடுத்துக்காட்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம், இத்தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவேனும் முழுமையாகவேனும் சாகுபடிக்குத் தகுதியற்றுப் போயிற்று என்று கண்டதாக 1996 தீர்ப்பிலே இருக்கிறது. பின்னர், அத்தீர்ப்பின் வழி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001 மார்ச்சில் வேலூர் மாவட்டத்துக்கு அளித்த முடிவில் உள்ள நிலம் 15,164 ஹெக்டேர் அளவே. இழப்பீடு 26 கோடி ரூபாய்க்கு மேல். பார்த்தீர்களா, 35,000 எங்கே, 15,000 எங்கே! "பல்கலைக்கழகத்துக்கு ஓர் உண்மை, ஆணையத்துக்கு ஓர் உண்மை" என்று சார்புவாதி கைகொட்டுவார். சற்றுப் பொறுங்கள். முதலாவது எண், ஓரளவு கெட்டதையும் முற்றும் கெட்டதையும் சேர்த்து, தோல் வட்டாரம் முழுமைக்கும் சொல்லப்பட்டது. இரண்டாவது, ஒரு மாவட்டத்தில், பாதிப்பை மதிப்பிட்டு, இன்னாருக்கு இவ்வளவு என்று பணம் கணக்கிடப்பட்ட நிலம். கேள்விகள் இரண்டு, ஆகவே விடைகளும் இரண்டு. ஒரே கேள்விக்கு இரண்டு உண்மை அல்ல. எண்ணை மட்டும் எழுதி, அது எந்தக் கேள்விக்கு விடை என்பதை எழுதாமல் விடும் பத்திரிகையே குழப்பத்தை உண்டாக்குகிறது.

நம் பக்கத்தாரிடமும் இக்குறை உண்டு. நம் மேடைகளில் சிலர், "இன்று 35,000 ஹெக்டேர் நிலம் பாழாய்க் கிடக்கிறது" என்று முழங்குகிறார்கள். அது 1990களில் எடுத்த கணக்கு. இன்றைய கணக்கு கூடியும் இருக்கலாம், குறைந்தும் இருக்கலாம், அளந்தால்தான் தெரியும். எதிரி பொய் சொல்கிறான், நாமும் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன என்ற எண்ணம் சிலரிடம் இருக்கிறது. அவர்கள் சார்புவாதியின் மறு வாசல் வழியே அவன் வீட்டுக்குள் நுழைகிறார்கள் என்பதை அறிய வேண்டும். எதிரியிடம் பணம் இருக்கிறது. ஒரு பொய் பிடிபட்டால் அவன் இன்னொரு விளம்பரம் கொடுப்பான். உழவனிடம் இருப்பது கிணறு ஒன்றுதான். அவனுக்காகப் பேசுகிறவர் ஒரு பொய் சொல்லிப் பிடிபட்டால், அந்தக் கிணறும் பொய்யாகிவிடும்.

இன்னும் ஒரு படி மேலே போகிறேன். தொழிற்சாலைக்காரர் சொல்வதில் மெய்யான பகுதி இருந்தால் அதையும் நம் ஏடு அச்சிட வேண்டும். "நாங்கள் பயன்படுத்துவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம், ஆறு இணைதிறன் கொண்டதுதான் கொடிய நஞ்சு" என்கிறார்கள். பதனிடும் உப்பைப் பொறுத்தவரை அது சரியே. இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட அரசு சார்ந்த குரோமேட் ஆலையின் வளாகத்திலே இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு குவிந்து கிடந்ததே, அது ஆறு இணைதிறன் குரோமியத்தின் கதை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுகிறவர் உழவனுக்கு உதவவில்லை. பச்சைத் தோல் அழுகாமலிருக்கத் தடவப்படும் சாதாரண உப்பே கிணறுகளுக்குப் பெருங்கேடு. பதனிடும்போது அது கழுவப்பட்டு வெளியேறுகிறது. வழக்கமான சுத்திகரிப்பால் அது நீங்குவதில்லை. இதனை எழுதுவதற்குப் "புற்றுநோய் ஆறு" என்பது போன்ற தலைப்புகள் தேவையில்லை.

மாதிரி எடுக்கும் நாளும் ஒரு சூழ்ச்சி. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததே, நினைவிருக்கிறதா? வெள்ளம் வடிந்த மறுவாரம் எடுத்த நீரில் உப்பு குறைந்தே இருக்கும். சித்திரையில் எடுத்தால் கூடியே இருக்கும். ஒருவர் முதலாவதைக் காட்டுவார், மற்றவர் இரண்டாவதைக் காட்டுவார், இரண்டும் மெய்யான அளவீடுகளே. நாளைச் சேர்த்து எழுதினால் சண்டை இல்லை. நாளை மறைத்தால் இரண்டும் பொய். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம், வேறு நீரே இல்லாவிடில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதை அளக்கும் பேனா போன்ற கருவி சில நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறது. நிருபருக்குப் பேருந்துக் கட்டணமும் சிற்றுண்டிச் செலவும் கொடுக்கிற பத்திரிகை நிலையங்கள் அக்கருவியை ஏன் கொடுப்பதில்லை என்பது எனக்கு விளங்காத புதிர்.

இனி, செய்தியைச் சரிபார்க்கும் வேலையை யார் செய்வது? அரசு செய்யட்டும் என்பார் உண்டு. 2023 ஏப்ரலில் மத்திய அரசு தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி, தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே தீர்மானிக்கும் ஒரு பிரிவுக்கு வழி செய்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவ்விதியையே செல்லாதென்றது. சரியான முடிவு. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கிறவன், உண்மையை ஆசனத்தோடு சேர்த்து ஆணியடிக்கிறான். ஆசனம் மாறினால் உண்மை மாறும். தமிழ்நாட்டிலும் 2023 அக்டோபரில் அரசு ஒரு தகவல் சரிபார்ப்பகத்தை அமைத்தது. அரசு தன் பக்கத்து விளக்கத்தைச் சொல்லலாம், ஆவணத்தைக் காட்டலாம். அது விளக்கம், தீர்ப்பன்று. எந்தக் கட்சி ஆண்டாலும் இவ்வளவுகோல் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சரிபார்த்தலால் உயிர் காக்கப்பட்டதும் உண்டு. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று படக்காட்சிகளோடு செய்தி பரவியது. பீகார் சட்டமன்றத்திலே அமளி; திருப்பூரிலே தொழிலாளர்கள் அச்சத்தால் இரயில் ஏறினார்கள். காட்சிகளில் ஒன்று வடநாட்டுத் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல் என்று காவல்துறைத் தலைவர் விளக்கினார். பீகார் அரசு அனுப்பிய குழுவும் நேரில் வந்து பார்த்தது. "அது அவர்கள் உண்மை, இது நம் உண்மை" என்று விட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? இராணிப்பேட்டையில் 2015 ஜனவரி இறுதியில், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் நள்ளிரவில் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். வடநாட்டுத் தொழிலாளிக்குத் தமிழ் மண்ணில் நேர்ந்த மெய்யான கொடுமை அது. பொய்க் காட்சிக்கு இந்தியா முழுவதும் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்கேனும் அந்த மெய்ச் சாவுகளுக்குக் கிடைத்ததா?

ஒரு தோழர் கூட்டத்துக்கு முன் என்னிடம் கேட்டார்: "ஐயா, கிணற்றைப் பற்றி எழுதினால் ஆலையை மூடுவார்கள், என் மனைவி அங்கேதான் வேலை செய்கிறாள். அவள் உண்மை என்ன ஆவது?" இவ்வரங்கில் எழுந்த கேள்விகளில் இதுவே கனமானது. என் பதில் இது: அவரது மனைவியின் கூலி ஒரு நலன், உழவனின் கிணறு ஒரு நலன், இரண்டும் மோதக்கூடும். எதற்கு எவ்வளவு இடம் தருவது என்பதில் நாம் வாதிடலாம், வாக்களிக்கலாம், போராடலாம். அங்கே கருத்து வேறுபாடு நியாயம். ஆனால் கிணற்றில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதும், கூலி எவ்வளவு என்பதும் நலன்கள் அல்ல, நிகழ்வுகள். அவற்றை மறைத்துவிட்டு நலனைப் பேசினால், ஒருநாள் ஆலை உரிமையாளர் தம் கணக்கைப் பார்த்து ஆலையை வேறு மாநிலத்துக்குக் கொண்டு போவார்; அன்று அந்த அம்மையாருக்கு வேலையும் இராது, நல்ல நீரும் இராது. உப்பின் அளவு வெளிப்படையாகத் தெரிந்த ஊரில்தான், சுத்திகரிப்புச் செலவை யார் ஏற்பது என்று உரிமையாளரிடமும் அரசிடமும் நிமிர்ந்து கேட்க முடியும்.

2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர் மீண்டும் ஒரு தீர்ப்பு அளித்திருக்கிறார்கள். இழப்பீடு கிடைக்காத குடும்பங்களுக்கு ஆறு வாரத்துக்குள் அரசு கொடுக்க வேண்டும், மாசுபடுத்தியவர்களிடமிருந்து அரசு அதை வசூலிக்க வேண்டும் என்று ஆணையிட்டார்கள். முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள்! யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை ஊர் ஊராகக் கேட்டு எழுதிய நாளேடு எது?

அவ்வேலையைச் சாதாரண மக்களும் செய்ய முடியும் என்பதற்கு 1996 தீர்ப்பே சான்று. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் ஒரு தொண்டு அமைப்பு 13 ஊர்களுக்கு நடந்து போய், 467 கிணறுகளைப் பார்த்து, 350 கிணறுகள் கெட்டிருப்பதைக் கணக்கெடுத்தது. உச்ச நீதிமன்றம் அதைத் தன் தீர்ப்பிலே எடுத்து எழுதியது. கெடாத 117 கிணறுகள் இருந்தன என்பதும் அந்தக் கணக்கிலேயே தெரிகிறது. அதனால்தான் அது நம்பப்பட்டது என்று நான் கருதுகிறேன்.

ஆகவே கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் பத்துக் கிணறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தின் சர்வே எண், நீர் எடுத்த நாள், எடுத்தவர் பெயர், அளந்த கருவி அல்லது ஆய்வுக்கூடம், கிடைத்த அளவு, இழப்பீடு வந்ததா இல்லையா என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். சித்திரையில் ஒரு முறை, கார்த்திகையில் ஒரு முறை. முடிந்தால், ஆலைத் தரப்பைச் சேர்ந்த ஒருவரையும் பக்கத்தில் நிற்க வைத்தே நீரை எடுங்கள். ஏதேனும் ஒரு கிணற்றில் நீர் நன்றாக இருந்தால், அதையும் அப்படியே எழுதிக் கொண்டு வாருங்கள். நம் ஏட்டில் அதுவும் வரும்.